தாத்தாவின் கொம்பியூட்டர்

நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களுக்கு, கொம்பியூட்டர் முதன்முதலாக வீட்டுக்குள் வந்த காலம் நினைவிருக்கும். அதற்கு உறை தைத்துப் போட்டோம். செருப்பைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தோம். இடி இடித்தால் ஓடிப்போய் முதலில் அதன் வயரைத்தான் பிடுங்கினோம். எங்கள் வீட்டில் அந்தப் பெட்டி ஒரு நாளும் அடி வாங்கவில்லை. அதைச் சுற்றி இருந்தவர்கள் வாங்கினார்கள்.

திகதி இல்லாத நினைவை நான் நம்புவதில்லை. இன்றும் எந்தப் புத்தகத்தை வாசித்து முடித்தாலும் கடைசிப் பக்கத்தில் அன்றைய திகதியைப் போட்டுவிட்டுத்தான் மூடுவேன். ஆனால் இதைப் பற்றி அப்போது நான் ஒன்றும் எழுதிவைக்கவில்லை. ஆண்டு இரண்டாயிரம் என்பது நிச்சயம். நோன்புப் பெருநாள் கழிந்திருந்தது, ஹஜ்ஜுப் பெருநாள் வரவில்லை. பாடசாலையில் முதலாம் தவணை. எங்கள் ஊரான மடவளையில் காலைக் குளிர் காதைக் கடிக்கும், பத்து மணிக்கு மேல் வெயில் முதுகைச் சுடும். நடந்தவற்றில் முக்கியமானவை எல்லாம் ஒரு வெள்ளிக்கும் இன்னொரு வெள்ளிக்கும் நடுவில் நடந்தன என்பதால் கிழமைகளில் எனக்குக் குழப்பம் இல்லை.

வீட்டில் ஐந்து பேர். வாப்பா பிடவை வியாபாரி. துணி மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டு தெல்தெனிய, கலகெதர என்று சந்தைக்குச் சந்தை போவார், வியாழன் மாலைதான் திரும்புவார். பிறகு உம்மா. பத்தொன்பது வயதில் என் மூத்த சகோதரி. பதினேழில் நானா, அதாவது என் அண்ணன். பதின்மூன்றில் நான், கடைசிப் பெண்.

மூத்த சகோதரியை நாங்கள் தாத்தா என்போம். மலையகத் தமிழருக்குத் தாத்தா என்றால் அப்பாவின் அப்பா. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளுக்கு அப்பாவே தாத்தா. கண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அது அக்கா. கண்டியிலிருந்து வரும் ஒரே பஸ்ஸில் மூன்று விதமான தாத்தாக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பயணம் செய்வார்கள். சிரிப்பதற்கு மட்டுமே உதவும் விஷயம் இது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

*

கொம்பியூட்டர் தாத்தாவுக்காக வாங்கப்பட்டது. கண்டியில் ஒரு நிறுவனத்தில் அவள் கட்டட வரைபடம் படித்தாள். வகுப்புகள் முடிந்துவிட்டன, கடைசி வேலையாக ஒரு முழு வீட்டை அந்த வரைபட மென்பொருளில் வரைந்து கொடுக்க வேண்டும். கொடுத்தால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் வேலைக்குப் போகலாம் என்று வாப்பா வாக்குக் கொடுத்திருந்தார். கொடுக்காவிட்டால் ஹஜ்ஜு கழிந்ததும் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு தடவை வந்து தேநீர் குடித்துவிட்டும் போயிருந்தார்கள். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி.

நானாவுக்குப் பெட்டி வேறொன்றுக்குத் தேவைப்பட்டது. துவக்கைப் பிடித்துக்கொண்டு இருட்டு மண்டபங்களுக்குள் ஓடிச் சுட்டுத் தள்ளும் கேம் ஒன்று. பின்னேரம் முழுவதும் எங்கள் முன்னறையில் ஆட்கள் செத்துக்கொண்டேயிருப்பார்கள். சாகும்போது எல்லோருக்கும் ஒரே அலறல்தான். உம்மா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அந்த அலறலுக்குப் பழகிவிட்டார். கேமில் தோற்றால் நானா எழுந்து வருவான். வழியில் யார் நின்றாலும் தலையில் ஒரு தட்டு. நான் நின்றால் கொஞ்சம் பலமாக. ஒருமுறை தாத்தா சோற்றுக் கோப்பையுடன் குறுக்கே வந்துவிட்டாள். கோப்பை சுவரில் பட்டு உடைந்தது, தாத்தாவின் உதடும்தான். வாப்பா வந்ததும் உம்மா சொன்னது கோப்பையைப் பற்றி மட்டும்.

பழைய கிராபிக்ஸ் கார்டில் அந்தக் கேம் விட்டுவிட்டு ஓடியது. ஒரு ஞாயிறு, நானா தன் கூட்டாளி ஒருவனுடன் பெட்டியைத் திறந்து பழைய கார்டைப் பிடுங்கிவிட்டுப் பெரிய கார்டு ஒன்றைப் போட்டான். அதன் தலையில் சின்னக் காற்றாடி சுழன்றது. புதுப் பிளாஸ்டிக் சூடாகும் வாசம் அறை முழுக்க அடித்தது. அந்தக் கார்டை இயக்கும் டிரைவரையும் ஏதோ ஒரு சீடியிலிருந்து கூட்டாளியே ஏற்றினான். கேம் எண்ணெய் போட்டதுபோல் ஓடியது. செத்தவர்களின் இரத்தம்கூட அதிகச் சிவப்பாகத் தெரிந்தது. பழைய கார்டை அன்று மாலையே யாருக்கோ விற்றுவிட்டார்கள்.

மறுநாள் தாத்தா, மீதியிருந்த கொஞ்சத்தையும் வரைந்து முடிக்க வரைபட மென்பொருளைத் திறந்தாள். திரை ஒருமுறை கறுத்தது. சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வந்தது. திரையை ஆயத்தப்படுத்த முடியவில்லை, மென்பொருள் மூடப்படுகிறது என்று அதில் ஆங்கிலத்தில் இருந்தது. கீழே 'ஓகே' என்று ஒரே ஒரு பொத்தான். வேண்டாம் என்று சொல்வதற்கு அதில் இடமில்லை. அவள் அழுத்தினாள், எல்லாம் மறைந்தது. மறுபடி திறந்தாள், மறுபடி அதே பெட்டி.

"கொம்பியூட்டர் நல்லாத்தானே ஈக்கி?" என்றான் நானா. "கேம் ஓடுற. ஒனக்குத்தான் பாவிக்கத் தெரிய."

"பழைய கார்ட போட்டுத் தா, தம்பி. ரெண்டு கிழமைக்கு மட்டும்."

"வித்தாச்சு."

"அப்ப என்ட படம்?"

"கையால வரஞ்சிட்டுப் போ. வாப்பா ஒனக்குக் கை தரல்லயா?"

வாப்பா பெட்டியையும் எனக்குத்தானே தந்தார் என்று தாத்தா திருப்பிக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டாள். கன்னத்தில் விரல்கள் பதிய ஒன்று வாங்கினாள். அவனைவிட இரண்டு வயது மூத்தவள்.

*

கண்டியில் கடிகாரக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் மாடியில் ஒரு கொம்பியூட்டர் கடை இருந்தது. ஆண்கள் நெருக்கியடிக்கும் இடம், தாத்தா அந்தப் படியேற வீட்டில் விடமாட்டார்கள். என் பாடசாலையும் கண்டியில்தான், அது விட்டதும் நான் ஏறினேன். திருத்துபவர் ஹேவாஹெட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து அண்மையில்தான் வேலைக்கு வந்தவர். இருபத்திரண்டு வயதிருக்கும். சேர்ட்டின் மேல் பொத்தானைக்கூடப் பூட்டியிருப்பார்.

"யாரோட கம்ப்யூட்டர் பாப்பா?"

"தாத்தாட."

அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "தாத்தாவா? தாத்தாவா கம்ப்யூட்டர்ல வீடு வரையுறாங்க?"

"ஓ. பெரிய பெரிய ஊடு. மாடி ஊடு."

"கண்ணு நல்லா தெரியுதா?"

"கண்ணாடி போட்டீக்கி."

"அவங்களே ஒருதடவ வந்தா நேரா சொல்லிடலாமே."

"வெளிய உட மாட்டாங்க."

"ஆமா ஆமா. இந்த வயசுல இந்தப் படியெல்லாம் எப்படி ஏறுவாங்க. விழுந்து கிழுந்து வச்சா."

பத்தொன்பது வயதில் ஏன் படியேற முடியாது என்று எனக்கு விளங்கவில்லை. டவுனில் எல்லோரும் ஒரு மாதிரிதான் பேசுவார்கள் என்று விட்டுவிட்டேன். வேறு ஊர்த் தமிழில் வினைச்சொல்லே ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் பேச்சில் வாப்பாவும் 'வார', உம்மாவும் 'வார', தாத்தாவும் 'வார'. அவரோ மரியாதைக்கு 'வர்றாங்க' என்றார், அதிலும் ஆண் பெண் இல்லை. இரண்டு பேரும் மாறிமாறித் தாத்தா தாத்தா என்று பேசி, முழுவதும் விளங்கிக்கொண்டதாக நினைத்து, போன் நம்பர்களை மாற்றிக்கொண்டு பிரிந்தோம்.

வீட்டில் பெட்டி நானாவிடமிருந்து விடுபடும் நேரம் ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆ. நடக்க முடிந்த ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள், ஊரே பெண்களிடம் இருக்கும். அதே நேரம் கண்டியில் கடை முதலாளி ஹாஜியாரும் கதவைச் சாத்திவிட்டுப் பள்ளிக்குப் போவார். உள்ளே திருத்துபவர் மட்டும் சோற்றுப் பார்சலுடன் இருப்பார். வெள்ளிக்கிழமையில் பாடசாலை நேரத்தோடு விட்டு நானும் வீட்டில் இருப்பேன். ஆகவே கோல் எடுப்பது வெள்ளி என்று முடிவானது.

அந்நிய ஆணுடன் தாத்தா பேசமாட்டாள். அவள் பெட்டியின் முன்னால் இருந்து கிசுகிசுப்பாள், நான் போனில் சொல்வேன், அவர் சொல்வதை அவளிடம் சொல்வேன்.

"தாத்தா கேக்குற, கார்ட் நல்லா இறுகியீக்கி, அடுத்தது எனத்த?"

"மானிட்டர் வயரு கார்டுலதான் குத்தியிருக்கான்னு தாத்தாவ பாக்கச் சொல்லு. பழைய எடத்துல குத்தியிருந்தா மாத்தணும்."

"கார்டுலதான் ஈக்கி."

"அப்ப மென்பொருளுக்குப் பழைய கார்டு ஞாபகம் இருக்கும் பாப்பா. அத எழுதி வச்சிருக்கிற பைல் ஒன்னு இருக்கு. அழிக்க வேணாம், பேர மட்டும் மாத்துங்க. திரும்பத் திறக்கிறப்ப புதுசா எழுதிக்கும்."

தாத்தா பெயரை மாற்றினாள். திறந்தாள். சாம்பல் பெட்டி.

போனில் அவர் யோசிப்பது கேட்டது. "கேமுக்குன்னு ஒரு டிரைவர் ஏத்தியிருக்காங்க, அதுதான் படத்த மறிக்குது. ஒரு வழி இருக்கு. பெட்டி எழும்பும்போது F8 அமத்தி, சேப் மோட்ல போயி, அந்த டிரைவர முழுசா கழட்டிடுங்க. விண்டோஸ் தன்னோட சாதா டிரைவர போட்டுக்கும். நிறமெல்லாம் கெட்டுப்போகும், மெதுவா இருக்கும், ஆனா படம் திறக்கும். கேம் மட்டும் ஓடாது."

நான் இதைத் தாத்தாவிடம் சொன்னேன். அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள், பிறகு வாசலைப் பார்த்தாள்.

"வாணாம் எண்டு செல்லு," என்றாள். "கேம் ஓடாட்டி அவன் என்னக் கொல்லுவான். ரெண்டும் ஓடுற மாதிரி எனத்தயும் ஈக்கியா எண்டு கேளு."

நானாவின் கேமும் ஓட வேண்டுமாம் என்று நான் போனில் சொன்னேன். "தேடிப் பாக்குறேன்," என்றார் அவர். "பேரன்மேல தாத்தாவுக்கு என்னா பாசம்."

பேரன் என்ற சொல்லை நான் யோசித்தேன். யாருடைய பேரன் என்று கேட்க வாயெடுத்தபோது பள்ளிவாசல் பக்கமிருந்து ஆட்கள் கலையும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டேன்.

*

கடைசி வெள்ளிக்கு முந்திய செவ்வாய். மாலையில் போன் அடித்தது. எடுத்தவன் நானா. அந்தப் பேச்சை அவன் உம்மாவிடமும், பிறகு தெருவில் கூட்டாளிகளிடமும் குரல் மாற்றி நடித்துக் காட்டியதால் இரு பக்கமும் எனக்குப் பாடம்.

"ஹலோ, தாத்தா இருக்காங்களா?"

அந்தச் சொல்லால் அவளைக் கூப்பிட உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் உரிமை இருந்தது. அவனுக்கும் எனக்கும். "ஆரு பேசுற?" என்று கேட்டான் நானா.

"கண்டிலருந்து. தாத்தாவுக்கு என்னயத் தெரியும். வெள்ளிக்கிழமைதான் பேசுறது."

"வெள்ளிக்கிழம?"

"ஆமாங்க. ஊட்டுல ஆம்பளைங்க இல்லாத நேரம்தான் தாத்தாவுக்கு வசதின்னு பாப்பா சொல்லுச்சு."

"தாத்தாட்ட எனத்த செல்லணும்? எனக்கிட்ட செல்லு."

"அவங்ககிட்ட சொன்னாத்தான் சந்தோசமா இருக்கும். தாத்தா கேட்டது கெடச்சிருச்சு, நேர்லயே கொண்டாந்து குடுத்துடுறேன். ஒரு தடவயாவது அவங்கள பாக்கணும்னு எனக்கும் ஆசைங்க."

நானா மிக அமைதியாகச் சொன்னானாம்: "வா. நாளைக்கே வா. மடவளை பஸார்ல எறங்கு, நான் நிக்கிற."

போனை வைத்தான். பிறகு நடந்ததில் முதல் அடி அவனுடையது அல்ல. உம்மாவுடையது. விஷயத்தை அவன் சொல்லி முடிப்பதற்குள் உம்மா அகப்பையுடன் பாய்ந்து வந்து தாத்தாவை அடிக்கத் தொடங்கினார். தாத்தா இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். அகப்பைக் காம்பு விரல்களில் விழுந்தது. ஈரவிறகு முறிவதுபோல ஒரு சத்தம். "எவன்டி அவன், எவன்டி அவன்" என்று உம்மா கேட்டுக்கொண்டே அடித்தார். பதில் சொல்ல இடைவெளி விடவில்லை. "உம்மா, கொம்பியூட்டர் திருத்துற ஆள்" என்று நான் கத்தியதற்கு எனக்கும் ஒன்று விழுந்தது.

உம்மா அப்படி வெறிபிடித்து அடித்து நாங்கள் கண்டதே இல்லை. பல வருடங்களுக்குப் பிறகு, எனக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகு, ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டே அவராகச் சொன்னார்: "நான் அடிச்சா அவன் அடிக்க மாட்டான் எண்டு நெனச்ச." அன்று அந்தக் கணக்கு பிழையாகப் போனது. உம்மா களைத்து நின்றதும் நானா மவுஸின் வயரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். தாத்தா அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கினாள். அவன் அடித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்கப் பின்னால் அவன் பாதியில் விட்டுவந்த கேம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எவனோ அவனைத் தேடிக்கண்டுபிடித்துச் சுட்டான். அந்த அலறல் வந்தபோதுதான் வயரை எறிந்துவிட்டுத் திரும்பினான்.

தாத்தாவின் வலது கையில் இரண்டு விரல்கள் ஊதிக் கறுத்தன. அவற்றுக்கு மஞ்சள் பத்துப் போட்டதும் உம்மாதான்.

நானா இப்போது கலகெதரையில் பாமசி வைத்திருக்கிறான். மெதுவாகப் பேசுவான். அந்தச் செவ்வாய்க்கிழமை அவனுக்கு ஞாபகம் இல்லையாம். சத்தியம் செய்கிறான், நானும் நம்புகிறேன். அடித்தவனுக்குத் திகதி தேவைப்படுவதில்லை.

*

மறுநாள் பாடசாலை விட்டு நான் ஏறிய பஸ்ஸில் அந்தத் திருத்துபவரும் இருந்தார். சலவை செய்த சேர்ட். மடியில் ஒரு பையில் பாலில் கலக்கும் மோல்ட் மாவுப் பெட்டியும் இரண்டு பக்கற் பிஸ்கட்டும். மேல் பைக்குள் சீடி ஒன்று தெரிந்தது.

"பாப்பா, தாத்தாவ பாக்கத்தான் வர்றேன். பெரியவங்கள பாக்க வெறுங்கையோட வரலாமா. ரெண்டும் ஓடுற டிரைவர் கெடச்சிருச்சு. பழசு, ஆனா நல்லது."

"வராதீங்க. கட்டுகஸ்தோட்டையில எறங்குங்க. நானா அடிக்கும்."

"ஏன் அடிக்கணும்? தாத்தா இருக்காங்கல்ல, பாத்துக்குவாங்க."

"தாத்தாக்கும் நேத்து அடிச்ச. கை வீங்கியீக்கி."

அவருடைய முகம் மாறியது. "தாத்தாவையே அடிச்சாங்களா?"

"ஓ. வயரால."

அவர் பையை மடியில் நேராக வைத்துக்கொண்டு சொன்னார்: "அப்ப நான் கட்டாயம் வரணும்."

கட்டுகஸ்தோட்டையில் அவர் இறங்கவில்லை. நான் சேர்ட்டைப் பிடித்து இழுத்தும் இறங்கவில்லை. ஒரு கிழவரை வயரால் அடிக்கிற வீட்டுக்கு அவர் நியாயம் கேட்கப் போய்க்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பஸாரில் நானாவும் கூட்டாளிகள் மூன்று பேரும் நின்றார்கள். நானாவின் கையில் கிரிக்கெட் விக்கெட் கம்பு ஒன்று. அவர் இறங்கினார், நேராக அவனிடம் போனார்.

"நீங்கதான் பேரனா?" என்று கேட்டார். "தாத்தா மேல கை வச்சது நீங்களா? வெக்கமா இல்ல?"

விக்கெட் வாயில் விழுந்தது. அவர் கையைத் தூக்கியபோது இரண்டாவது அடி முழங்கையில். பை கிழிந்து பிஸ்கட்டுகள் சிதறின, ஒருவன் அவற்றை மிதித்துக்கொண்டே அவரை உதைத்தான். மோல்ட் பெட்டி உருண்டு ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் போனது. கண்ணில் ஒரு குத்து, கீழே விழுந்தார். விழுந்தவரின் நெஞ்சில் இன்னொருவன் குதியால் மிதித்தபோது மேல் பைக்குள் சீடி நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் அந்தச் சொல்தான் வந்தது. "தாத்தாவ... ஒரு தடவ... தாத்தாகிட்ட..." அது வெளியே வந்தபோதெல்லாம் நானாவுக்கு வெறி கூடியது. கடைகளில் நின்ற பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்பிள்ளையின் விஷயம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது போதுமாயிருந்தது.

"இவர் திருத்துற ஆள், இவர் திருத்துற ஆள்" என்று நான் கத்தினேன். கூட்டாளி ஒருவன் என் பின்னலைப் பிடித்துக் கடைச் சுவரோடு தள்ளினான்.

நிறுத்தியவர் இறைச்சிக்கடைக்காரர். தோட்டங்களுக்கு ஆடு வாங்கப் போகிறவர். இரத்தக் கறைத் துணியோடு இறங்கி வந்து நானாவின் கழுத்தைப் பின்னாலிருந்து பிடித்தார்.

"நிப்பாட்டுடா. இவன் ஒன்ன ஏன் பேரன் எண்டு கூப்புட்ட?"

"ஆருக்குத் தெரியும்? தாத்தாவ பாக்கணுமாம்."

இறைச்சிக்கடைக்காரர் குனிந்தார். "தம்பி, நீ ஆரப் பாக்க வந்த?"

"அந்தப் பெரியவர," என்றார் அவர். வாயிலிருந்து இரத்தமும் எச்சிலும் ஒழுகின. "வீடு வரையிற தாத்தாவ."

இறைச்சிக்கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். "அட மடயனுகளே. அவங்கட தாத்தா எண்டா கெழவன்டா. இவன் ஒங்கட வாப்பாட வாப்பாவத் தேடி வந்தீக்கான்."

"அவரு மௌத்தாகி, அடக்கி எவ்வளவு காலம்," என்றான் ஒருவன். "மையவாடிக்கில்ல போகணும்."

சிரிப்பு கடைக்குக் கடை பரவியது. பஸ் கொண்டக்டர் சிரித்தார். தேநீர்க்கடையில் ஒருவர் கதிரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். உதைத்தவனும் சிரித்தான், நானாவும் சிரித்தான். தரையில் கிடந்தவர் ஒரு பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எல்லோரையும் ஒரு கண்ணால் மாறிமாறிப் பார்த்தார். அந்த வயதில் நான் எத்தனையோ அடிகளைக் கண்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பைப் போல வேறொன்றும் என் உடம்பில் தங்கவில்லை.

யாரோ அவரைத் தூக்கி இருத்திச் சோடா கொடுத்தார்கள். "பிழையா வெளங்கிட்டோம், மனசுல வைக்காத" என்று நானா தோளில் தட்டினான். பொலிசைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, அவரும்தான். அது தோட்டத்து அடையாள அட்டையோடு ஒரு தமிழ் இளைஞன் பொலிசுக்குப் போனால், முதலில் அவனையே உள்ளே வைத்து விசாரிக்கும் யுத்த காலம்.

கண்டி பஸ் வந்தபோது அவர் என்னைக் கூப்பிட்டார். தாத்தா என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

"அவங்ககிட்ட சொல்லு பாப்பா. சீடி ஒடஞ்சிருச்சு. இனி போன்ல சொன்ன மாதிரி டிரைவர கழட்டுற வழிதான்."

*

நடந்தது வெறும் சொற்குழப்பம் என்று தெரிந்த பிறகு வீட்டில் தாத்தாவிடம் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். நானா சாப்பிட்டுக்கொண்டே கதையை உம்மாவுக்குச் சொல்லிச் சிரித்தான். உம்மா சிரிக்கவில்லை. "எண்டாலும், ஒரு ஆம்புளைக்கு கோல் எடுத்ததுதானே" என்றார். ஆகவே விழுந்த அடிகள் விழுந்த இடத்திலேயே நின்றன.

வியாழன் மாலை வாப்பா வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். வாப்பா ஒருவரையும் அடிக்கமாட்டார், அதனால் அவரை நல்லவர் என்று ஊரே சொல்லும். தாத்தாவின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான் என்று பெட்டியைக் காட்டினார். சனிக்கிழமை காலை வேனில் ஏற்றித் தெல்தெனியவில் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார்.

"நாளைக்கு என்ட படத்துக்குக் கடைசி நாள் வாப்பா," என்றாள் தாத்தா.

"அது இனி எனத்துக்கு மகள்," என்றார் அவர், மிகவும் அன்பாக.

நானா ஆத்திரத்தில் அன்று இரவு முழுவதும் கேமைவிட்டு எழவில்லை. வெள்ளி காலையிலும் எழவில்லை. ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் குளித்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, வாப்பாவுடன் புறப்பட்டான்.

கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் தாத்தா பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். என்னைப் போனை எடுக்கச் சொல்லவில்லை. நிறுத்தி, மறுபடி எழுப்பினாள். இடது கையால் F8ஐ அமத்திக்கொண்டே இருந்தாள். கறுப்புத் திரையில் சேப் மோட் என்று வந்தது. வலது கை மவுஸில் நிற்க மறுத்தது. உள்ளங்கையால் அதைத் தள்ளி, விரல்மூட்டால் அழுத்தினாள். அழுத்தும்போதெல்லாம் பல்லைக் கடிப்பது கேட்டது. டிரைவரின் பெயர் வந்தது. கழற்றவா என்று கேட்டது.

"கேம் ஓடாது தாத்தா," என்றேன்.

"தெரியும்."

அழுத்தினாள். பெட்டி அணைந்து மறுபடி எழும்பியது. புது டிரைவருக்குச் சீடி கேட்டது, வேண்டாம் என்றாள். திரை ஊதிப் பெருத்து, நிறங்கள் வெந்துபோய் வந்தது. வரைபட மென்பொருளைத் திறந்தாள். சாம்பல் பெட்டி வருவதற்காக இருவரும் மூச்சைப் பிடித்திருந்தோம். வரவில்லை. கோடு கோடாக, மிக மெதுவாக, மேலிருந்து கீழாக அவளுடைய வீடு வந்தது. படி, மாடி, பின்பக்கத்து ஜன்னல்கள். நான் அதை அதுவரை முழுதாகப் பார்த்ததில்லை.

மீதியிருந்த கோடுகளைப் போட்டு முடித்து, இரண்டு பிளொப்பி வட்டுகளில் ஏற்றினாள். இழுபட்டு இழுபட்டு அவை ஏறும் சத்தத்துக்கு மேல் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. அது முடிந்து தொழுகை தொடங்கும்போது அவள் அபாயாவைப் போட்டுக்கொண்டு, பிளொப்பிகளை உள்ளே மார்போடு செருகியிருந்தாள்.

வாசலுக்குப் போக உம்மாவின் அறையைத் தாண்ட வேண்டும். கதவு திறந்திருந்தது. உம்மா தொழுதுகொண்டிருந்தார், நெற்றி தரையில் இருந்தது. தாத்தா அந்தக் கதவடியில் ஒரு கணம் நின்றாள். அவளுடைய நிழல் தொழுகைப் பாயின்மேல் விழுந்தது. உம்மா சுஜூதிலிருந்து எழும்பவில்லை. வாசல் கதவு திறந்து சாத்தியது, கேட் சாத்தியது. அதற்குப் பிறகும் வெகுநேரம் உம்மாவின் நெற்றி தரையிலேயே இருந்தது.

நான் ஜன்னலால் பார்த்தேன். பாதையில் ஒரு ஆண்கூட இல்லை. கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. அவள் நடுவீதியால் நடந்து போனாள். வத்தேகமையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் அவளுக்கு நிற்பது தெரிந்தது.

தொழுகை கலைந்தது. வாப்பா பள்ளிவாசலில் யாருடனோ நின்றுவிட, நானா தொப்பியைக் கழற்றாமலே வந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்தான். கேமை அழுத்தினான். சாம்பல் பெட்டி வந்தது. 'ஓகே' அழுத்தினான். மறுபடி வந்தது. கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான்.

"அவ எங்க?"

நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"ஆரு இதுல கை வச்ச?"

"நான்தான் கழட்டின," என்றேன்.

நம்பவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. வாசலைப் பார்த்தான், வெளியே ஓடப் பார்த்தான். நான் கதவடியில் போய் நின்றேன். முதல் அடி காதில் விழுந்து தலைக்குள் மணி அடித்தது. அவனுடைய சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது அடி எங்கே விழுந்தது என்று நினைவில்லை. என் மனம் பஸ்ஸின் தரிப்பிடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலம் வந்து, பஸ் ஆற்றைத் தாண்டியிருக்கும், இனி அவனால் அவளைப் பிடிக்க முடியாது என்று நிச்சயமான பிறகுதான் பிடியை விட்டேன்.